கானா குழுவிலிருந்து பிரிந்து புதுக் குழு தொடங்கும் முன்

வடசென்னையின் வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கம் ஒரு கானா குழு உடைந்தால், அதே பாடகர்கள் சீக்கிரமே வேறு பெயரில் போஸ்டர் ஒட்டிவிடுகிறார்கள். பாட்டில் குறை இருக்காது. பெயர், யூடியூப் சானல், கைநீட்டி வாங்கிய அட்வான்ஸ், இந்த மூன்றில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முன்னால் நின்று பாடியவருக்கே குழுவின் பெயர் சொந்தம் என்று சட்டம் சொல்லவில்லை. எல்லாரும் சேர்ந்து வளர்த்த பெயர் எல்லாருக்கும் பொது. ஒருவர் மட்டும் வர்த்தகக் குறியாகப் பதிந்து வைத்திருந்தால் அவர் கை ஓங்கும். கொரியாவின் பாப் இசைக் குழுவான பீஸ்ட், 2016-ல் தங்களை நடத்திய நிறுவனத்தை விட்டு வந்தபோது பெயர் அங்கேயே நின்றுவிட்டது. 2017-ல் ஹைலைட் என்று வந்தார்கள். அது அவர்களுடைய பழைய ஆல்பத்தின் பெயர் என்பதால் ரசிகர்களுக்கு அறிமுகம் தேவைப்படவில்லை. பிரிட்டனின் சுகபேப்ஸ் குழுவின் முதல் மூன்று பாடகிகள் 2012-ல் முட்யா, கீஷா, ஷிவான் என்று சொந்தப் பெயர்களையே குழுப் பெயராக்கினார்கள். நம் கானாவுக்கு இந்த வழி நன்றாகப் பொருந்தும். இங்கே ஜனம் பாடகரின் பெயரைத்தான் முதலில் கேட்கிறது.

பழைய பெயருக்கு முன்னால் ‘நியூ’, ‘ஒரிஜினல்’ என்று ஒட்டாதீர்கள். மக்களை ஏமாற்றும் அளவுக்குப் பெயர் ஒத்திருக்கிறது என்று பழைய குழு நீதிமன்றத்தில் தடை வாங்க அதுவே போதும். புதுப் பெயரை வர்த்தகக் குறிப் பதிவகத்தின் தளத்தில் தேடிப் பார்த்துவிட்டு, பொழுதுபோக்குச் சேவைகளுக்கான 41-ஆம் வகுப்பில் டிஎம்-ஏ என்ற விண்ணப்பப் படிவம் போடுங்கள். தனிநபர் ஆன்லைனில் போட்டால் கட்டணம் 4,500 ரூபாய். பதிவகத்தின் வர்த்தகக் குறி இதழில் வெளியான பிறகு மற்றவர்கள் எதிர்க்க 4 மாதம் அவகாசம் உண்டு. பதிவானால் 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். யார் பெயரில் பதிகிறீர்கள் என்பதை அன்றே எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். இல்லையென்றால் அடுத்த பிரிவிலும் இதே சண்டைதான்.

சானல் பெரும்பாலும் யாரோ ஒருவரின் ஜிமெயிலில் இருக்கும். அப்படியே கைமாற்ற முடியாது. முதலில் பலர் சேர்ந்து நிர்வகிக்கக்கூடிய பிராண்ட் அக்கவுண்ட்டுக்கு மாற்ற வேண்டும். அதில் புதியவரை உரிமையாளராகச் சேர்த்து 7 நாள் கழிந்தால்தான் அவரை முதன்மை உரிமையாளராக்க முடியும். கோபம் ஏறிய பிறகு அந்த 7 நாள் கிடைக்காது. பேச்சுவார்த்தை நடக்கும்போதே செய்துவிடுங்கள்.

பழைய பாட்டுகளில் உரிமை மூன்றாகப் பிரியும்: வரி, மெட்டு, ஒலிப்பதிவு. முன்நின்று செலவழித்துப் பதிவு செய்தவர் தயாரிப்பாளர், ஒலிப்பதிவு அவருடையது. வரியும் மெட்டும் கட்டியவர் எழுத்து மூலம் கொடுக்காதவரை அவரிடமே இருக்கும். எழுதிக் கொடுத்த தாளில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டுதான். அதனால் பாட்டைக் கட்டியவர் உங்களோடு இருந்தால் புதிதாகப் பதிவு செய்து ஏற்றுங்கள்; பழைய டிராக்கைத் தூக்கி ஏற்றினால் ஸ்டிரைக், அதாவது யூடியூபின் காப்புரிமை மீறல் எச்சரிக்கை, வரும். 90 நாளுக்குள் மூன்று ஸ்டிரைக் விழுந்தால் சானல் போய்விடும். சினிமா மெட்டில் வரி போட்ட பாட்டு என்றால் மெட்டுக்குத் தனி அனுமதி வேண்டும்.

பலரும் கவனிக்காதது ஆடி மாத அட்வான்ஸ். கூழ் வார்த்தல் கச்சேரிக்கு மாதக்கணக்கில் முன்பே பணம் வாங்கியிருப்பார்கள். லாப நஷ்டத்தைப் பங்குபோடும் குழு, பத்திரமே இல்லாவிட்டாலும், சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் கூட்டாண்மை (பார்ட்னர்ஷிப்) ஆகிவிடும். பிரிந்ததற்குப் பொது அறிவிப்பு கொடுக்காதவரை, பழைய குழு புதிதாக வாங்கும் அட்வான்ஸுக்கும் உங்களிடம் வந்து கேட்கலாம். கச்சேரிக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்கும் டோலக், பேட் கலைஞருக்கு இந்தச் சுமை இல்லை. லாப நஷ்டத்தில் பங்கு வைத்திருந்தவர்கள் அரசிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்புக் கொடுங்கள். கூடவே, எந்தத் தேதிக் கச்சேரியை யார் நடத்துவது, வாங்கிய பணம் யாரிடம் இருக்கிறது என்று விழாக் குழு ஒவ்வொன்றுக்கும் கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள்.