எல்லாருக்கும் மூச்சு 20

முதலாமாண்டு நர்சிங் மாணவிகள் வார்டு போஸ்டிங்குக்கு வந்ததும் நான் வழக்கமாக ஒரு வேலை செய்வேன். மெடிசின் வார்டின் டி.பி.ஆர் சார்ட்டுகளை, அதாவது காய்ச்சல், நாடி, மூச்சு மூன்றையும் குறிக்கும் தாள்களை மேசையில் பரப்பி, மூச்சு எண்ணிக்கை எழுதுகிற வரிசையை மட்டும் படிக்கச் சொல்வேன். காய்ச்சல் ஏறி இறங்கியிருக்கும். நாடி 76, 104, 92 என்று அலைந்திருக்கும். மூச்சு மட்டும் 20, 20, 20. நிமோனியாக்காரருக்கும் 20, நாளைக்கு டிஸ்சார்ஜ் ஆகிறவருக்கும் 20. விடிகாலை 6 மணிக்கு அவசரமாக ஆக்சிஜன் வைக்கப்பட்டவருக்கு 5 மணிக் கணக்கிலும் அதே 20.

பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்படிச் சிரித்தவர்களே இரண்டாவது வாரம் 20 போட ஆரம்பிப்பார்கள்.

சோம்பேறித்தனம் என்று மட்டும் இதைச் சொல்ல எனக்கு மனம் வராது. தெர்மாமீட்டரை வைத்தால் அது எண்ணைச் சொல்லிவிடும், பி.பி. கருவியும் சொல்லிவிடும். மூச்சை எண்ண வார்டில் கருவி கிடையாது. கட்டிலருகே ஒரு நிமிஷம் சும்மா நிற்க வேண்டும். நம் வார்டுகளில் சும்மா நிற்கிற மாணவியைக் கண்டால் யாருக்கும் பொறுக்காது. "என்னம்மா வேடிக்கை பாத்துட்டு நிக்கிற, அந்த டிரிப்பை மாத்து" என்று ஒரு குரல் வந்துவிடும். 30 கட்டிலுக்கு 30 நிமிஷம் யார் தருவார்கள்?

நானும் 20 போட்டவள்தான். மாணவியாக நைட் டியூட்டி பார்த்த காலம். குடல் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாளான ஒரு பாட்டி. பி.பி. 110/70, காய்ச்சலும் பெரிதாக இல்லை. "எப்படி இருக்கு பாட்டி?" என்றேன். "ஒண்ணுமில்ல தாயி... கொஞ்சம்... அசதியா இருக்கு" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் அவர் நிறுத்தியது என் காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. 20 எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் பாட்டியின் கால்மாட்டில் நின்று வாட்சைப் பார்த்தபடி எண்ணினார். 34. உள்ளே தையல் விட்டுக் கசிந்து, தொற்று ரத்தத்தில் கலந்திருந்தது. பாட்டி திரும்பவும் தியேட்டருக்குப் போனார். பிழைத்துக்கொண்டார். டாக்டர் என்னைத் திட்டவில்லை. சார்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

ஓய்வில் இருக்கும் வயது வந்தவர் நிமிஷத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். உடம்புக்குள் பெரிய கோளாறு வந்தால், அதாவது ஆக்சிஜன் குறைந்தாலும், ரத்தத்தில் அமிலம் சேர்ந்தாலும், ரத்தம் கசிந்தாலும், மூளைத்தண்டு பெரும்பாலும் சீக்கிரமே மூச்சை முடுக்கிவிடும். பி.பி. கடைசி வரை தாக்குப்பிடித்துவிட்டுத் திடீரென்று விழும். மூச்சு அதற்குப் பல மணி நேரம் முன்பே கூடத் தொடங்கியிருக்கலாம். லண்டனில் உள்ள ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில் (மதிப்பெண் கூடக் கூட ஆபத்து) மூச்சு 21-ஐத் தொட்டாலே 2 மதிப்பெண். 25-ம் அதற்கு மேலும் போனால் 3. 8-ம் அதற்குக் கீழும் இறங்கினாலும் 3. மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும், இந்த ஒரு 3 போதும், டாக்டரை உடனே கூப்பிட.

கொரோனாவுக்குப் பிறகு விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் மேல் எல்லாருக்கும் அபார நம்பிக்கை. "சாச்சுரேஷன் 98 இருக்கே மேடம்" என்பார்கள், ரத்தத்தில் ஆக்சிஜன் 98 சதவீதம் என்று. சர்க்கரை கட்டுக்கடங்காமல் போய் ரத்தத்தில் கீட்டோன் என்கிற அமிலம் சேர்ந்த நோயாளி, ஆழமாக, வேகமாக, ஓடி வந்தவர் போல மூச்சு விடுவார். அவருக்கும் 98 காட்டும். வலிக்கு மார்ஃபின் போட்டு, ஆக்சிஜன் மாஸ்க்கும் மாட்டி, "நல்லா தூங்குறார்" என்று நாம் விட்டுவந்தவருக்கு மூச்சு 7-க்கு இறங்கி உள்ளே கரியமில வாயு தேங்கிக்கொண்டிருக்கும். அப்போதும் அந்தப் பெட்டி 98 என்றே சொல்லலாம்.

எண்ணும் விதம் எளிது. "மூச்சை எண்ணப் போறேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னதும் யாருக்கும் மூச்சு மாறிவிடும். நாடி பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்து, முதலில் நாடியை எண்ணுங்கள். பிடித்த கையை விடாமல் கண்ணை மட்டும் நெஞ்சுக்குக் கொண்டுபோங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. புடவை, போர்வை என்று நெஞ்சு சரியாகத் தெரியாவிட்டால், நோயாளியின் கையை அவர் வயிற்றின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டால் ஏற்ற இறக்கம் உங்கள் கைக்கே தெரியும். பாத்ரூம் போய்விட்டு வந்த கையோடு எண்ண வேண்டாம்.

முழு 60 விநாடி. 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது வார்டில் ஊறிப்போன பழக்கம். அதில் 16, 20, 24 என்றுதான் எண்கள் வரும். ஒரு மூச்சைத் தவறவிட்டால் கணக்கில் நாலு போய்விடும். 20-க்கும் 24-க்கும் நடுவில்தான் நாம் பிடிக்க வேண்டிய ஆள் இருக்கிறார்.

குழந்தை வார்டில் இன்னும் பொறுமை வேண்டும். அழுகிற குழந்தையையும் பால் குடிக்கிற குழந்தையையும் எண்ணிப் பயனில்லை. பச்சைக் குழந்தை சில விநாடி மூச்சை நிறுத்தி, பிறகு கடகடவென்று விடும். 15 விநாடிக் கணக்கு இங்கே சுத்தமாகப் பொய்யாகும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்களைத் தொட்டாலே வேக மூச்சு என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. சின்னக் குழந்தைக்கு 60 வந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள். சட்டையைத் தூக்கிப் பாருங்கள். "நெஞ்சு குழி விழுது சிஸ்டர்" என்று தாய் சொன்னால் அதை எண்ணுக்குச் சமமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரசவ வார்டில் எண்ணாமல் எழுதுவது நேரடியாகவே ஆபத்து. வலிப்புக்காக மக்னீசியம் சல்ஃபேட் போகிற தாய்க்கு அடுத்த டோஸ் போடுமுன் மூச்சு குறைந்தது 16, முழங்காலைத் தட்டினால் உதறல், நாலு மணி நேரத்தில் 100 மில்லி சிறுநீர், இந்த மூன்றும் இருக்க வேண்டும். மருந்து மிஞ்சினால் முதலில் உதறல் போகும், பிறகு மூச்சு போகும். அந்த மருந்தை முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டும் டிரேயில் தயாராக இருப்பது இதற்காகத்தான். அங்கே பழக்கதோஷத்தில் 20 என்று எழுதிவிட்டு ஊசியை எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

டாக்டரைக் கூப்பிடும்போதும் "மூச்சு வாங்குது சார்" என்றால் "வரேன்" என்று வைத்துவிடுவார். "ராத்திரி 10 மணிக்கு 19, இப்போ 28, பேசும்போது நிறுத்தி நிறுத்திப் பேசுறார்" என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினாலும், 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கினாலும் விடை இரட்டைப்படைதான். அதனால் சார்ட் திருத்தும்போது என் கண் ஒற்றைப்படை எண்ணைத் தேடும். போன மாதம், அதிகம் வாய் திறக்காத ஒரு பிள்ளை ஒன்பதாம் கட்டிலுக்கு 27 எழுதியிருந்தாள். பக்கத்துக் கட்டில்களுக்கு 17, 18, 21. "ரெண்டு தடவை எண்ணினேன் மேடம், தப்பா இருக்குமோன்னு பயமா இருக்கு" என்றாள். நானும் அவளும் சேர்ந்து மூன்றாம் முறை எண்ணினோம். 28. போனை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தேன்.