பதறவைக்கும் தொடர்களை ஏன் விரும்பிப் பார்க்கிறோம்?

2021இல் வெளிவந்த ‘ஸ்க்விட் கேம்’ என்ற தென்கொரியத் தொடரின் முதல் பகுதியில், 456 பேர் சிறுவர் விளையாட்டு ஒன்றை ஆடுகிறார்கள். பெரிய பொம்மை ஒன்று தலையைத் திருப்பும்போது அசைந்தவர்கள் அங்கேயே சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். பொம்மை திரும்பும் அந்த நொடியில் பார்ப்பவரும் மூச்சை அடக்கிக்கொள்கிறார். ஆனாலும் அடுத்த பகுதியை ஆவலோடு தேடுகிறார். இதைக் குரூர ரசனை என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது.

திரையில் ஆபத்தைக் கண்டதும் மூளையில் ஆபத்தை உணரும் பகுதியான அமிக்டலா விழித்துக்கொள்ள, அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து, இதயத் துடிப்பு கூடி, உள்ளங்கை வியர்க்கிறது. உடலைப் பொறுத்தவரை இது பொய்யான அச்சமன்று. ஆனால் நாம் நம் வீட்டில் பத்திரமாக இருக்கிறோம் என்ற அறிவும் கூடவே விழித்திருக்கிறது. உடல் ஏமாந்தும் மனம் ஏமாறாமல் இருக்கும் இந்நிலையே இன்பம் தருகிறது என்பது உளவியலாளர் பால் ரோசினின் விளக்கம்; கண்ணில் நீர் வரவர மிளகாயின் காரத்தை ரசிப்பதையும் அவர் இவ்வகையிலேயே சேர்க்கிறார்.

திகில் ரசிகர்களுக்கு அச்சமே தோன்றுவதில்லை, அல்லது இறுதியில் கிடைக்கும் நிம்மதிக்காகவே அவர்கள் அச்சத்தைப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. எடுவார்டோ ஆன்ட்ராடி, ஜோயல் கோஹென் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதை மறுத்தது. ரசிகர்களும் மற்றவர்களைப் போலவே அஞ்சினார்கள். ஆனால் அஞ்சிய அதே வேளையில் மகிழ்ந்தும் இருந்தார்கள். அதைவிட முக்கியமானது, திகில் காட்சிகளைத் தவிர்ப்பவர்களிடம் நடந்த சோதனை. காட்சியின் அருகிலேயே நடிகர்களின் படங்களையும் வாழ்க்கைக் குறிப்புகளையும் காட்டி, இது நடிப்பே என்று நினைவூட்டியபோது, அவர்களுக்கும் அச்சத்தோடு மகிழ்ச்சி தோன்றியது.

பிறர் அவமானப்படும் காட்சிகளில் நாம் நெளிவதற்கும் உடல்சார்ந்த அடிப்படை உண்டு. பிறருக்காக நாணும்போது, அவர்களுடைய உடல்வலியைக் கண்டு வருந்துகையில் இயங்கும் மூளைப் பகுதிகளே இயங்குவதாக 2011இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே அந்த நெளிவில் பரிவு கலந்திருக்கிறது. உண்மை மனிதரை மேடையேற்றி அழவைக்கும் நிகழ்ச்சிகளில் ‘இது நடிப்பே’ என்ற காப்பு இல்லாததால், பலருக்கு அங்கே ரசனை அறுந்துபோவது இயல்பானதே என்று எண்ணுகிறேன்.

எவ்வளவு அச்சம் இனிக்கும் என்பதற்கும் எல்லையுண்டு. டென்மார்க்கின் வெய்லே நகரில், அச்சமூட்டும் கேளிக்கை இல்லத்துக்கு வந்த 110 பேரின் இதயத் துடிப்பைப் பதிவு செய்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், அச்சம் மிகக் குறைந்தபோதும் மிகக் கூடியபோதும் இன்பம் குறைந்தது; இடைப்பட்ட நிலையிலேயே அது உச்சத்தைத் தொட்டது. திரையை விட்டு எழுந்து போகிறவர் அந்த உச்சத்தைத் தாண்டிவிட்டிருக்கலாம். அருகில் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பவர் அதை இன்னும் எட்டாமலும் இருக்கலாம்.