பண்டிகைக்கு முந்தின நாள் பையைத் தூக்காதீர்கள்

பெங்களூருவில் குடும்பங்களுக்கு நிதி ஆலோசனை சொல்வது என் தொழில். சம்பளம் போதவில்லை என்று வருகிறவர்களிடம் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரையிலான மளிகை பில்களைத்தான் முதலில் கேட்பேன். வரலட்சுமி நோன்பு, பிள்ளையார் சதுர்த்தி, ஆயுத பூஜை, தீபாவளி என்று வரிசை கட்டும் மாதங்கள் அவை. "பண்டிகைன்னா செலவு இருக்கத்தானே சார் செய்யும்?" என்பார்கள். இருக்கட்டும். எந்தத் தேதியில் வாங்கினீர்கள் என்பதுதான் என் கேள்வி.

வரலட்சுமி நோன்பை ஒட்டி கே.ஆர். மார்க்கெட்டில் கனகாம்பரம் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டிப் போவதுண்டு. ஏலக்கி வாழைப்பழமும் கூடவே ஏறும். பூவை முன்கூட்டி வாங்கி வைக்க முடியாது; அளவைக் குறைக்கலாம், அவ்வளவுதான். ஆனால் வெல்லம், பாசிப்பருப்பு, தேங்காய், நெய்க்கு அந்த நெரிசலில் என்ன வேலை? பத்து நாள் முன்பே வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவை. சிலவற்றுக்கு மறுநாள்தான் நல்ல நாள். ஆயுத பூஜை முடிந்ததும் விற்காத சாம்பல் பூசணி தெருவோரம் குவிந்து கிடக்கும். கேட்ட விலைக்குத் தருவார்கள். வெட்டாத முற்றல் காய் வாரக்கணக்கில் கெடாது. மோர்க்குழம்பு, கூட்டு, மனசிருந்தால் காசி அல்வா.

பருப்புக்கும் புளிக்கும் மிளகாய்க்கும் அறுவடைதான் கணக்கு. வட கர்நாடகக் கலபுரகிப் பக்கத்துத் துவரை டிசம்பரில் அறுவடை தொடங்கி, தை, மாசியில் புதுப் பருப்பாக வரும். பியாடகி மிளகாயும் புது புளியும் மாசி, பங்குனியில். வருஷத்துக்கு வாங்கிப் போடும் பழக்கம் இருந்த வீடுகள்கூட அடுக்குமாடிக்குக் குடிபோனதும் அதை விட்டுவிட்டன. வெயில் விழாத பால்கனியில் எங்கே காயவைப்பது என்கிறார்கள். நியாயம்தான். பருப்பை நாலைந்து நாள் ஃப்ரீசரில் வைத்தெடுத்து, ஈரம் போக விட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் கொட்டுங்கள், வண்டு வராது. இடம் இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள். வண்டு அரித்த பத்து கிலோவில் மிச்சம் பிடிக்க எதுவுமில்லை.

வெங்காயம் தனிக் கதை. குளிர்காலத்தில் நட்டு மார்ச் முதல் மே வரை அறுவடையாகும் ரபி வெங்காயம்தான் மாதக்கணக்கில் தாங்கும். அந்த இருப்பு தீர்ந்து, மழைக்காலப் பயிர் வந்து சேராத செப்டம்பர் முதல் நவம்பர் வரை விலை ஏற வாய்ப்பு அதிகம். மழை கெடுத்தால் இன்னும் மோசம். 2019 டிசம்பரில் கிலோ நூறைத் தாண்டியது நினைவிருக்கும். ஆகஸ்டிலேயே பழைய வெங்காயத்தைக் காற்றோட்டமான கூடையில் போட்டு வையுங்கள், உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் வேண்டாம். புது மழைக்கால வெங்காயத்தில் ஈரம் அதிகம், அதை மூட்டையாக வாங்காதீர்கள். தக்காளியைச் சேமிக்க வழியே இல்லை. கோலார் வரத்து கொட்டும்போது தொக்கு கிண்டி வைப்பதோடு சரி.

மார்கழி, தையில் அவரைக்காய் மலிவு. அவரை விதையின் தோலையும் நீக்கி விற்கும் பிதுக்கம்பருப்பின் விலையில் பாதிக்கு மேல் உரித்த கூலிதான் என்பது என் கணிப்பு. டி.வி. பார்த்துக்கொண்டே உரிக்கலாம்.

அரிசியில் ஒரு சூட்சுமம். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய மூட்டைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதன் பிறகுதான் அந்த வரி படாத 26 கிலோ மூட்டைகள் கடைகளில் முளைத்தன. மூன்று பேர் வீட்டுக்கு அது அதிகம். பக்கத்து வீட்டோடு பங்கு போடலாம்.

சுதந்திர தினம், குடியரசு தினத் தள்ளுபடிகள் சோப்பு, சலவைத் தூள், எண்ணெய்க்கு உதவும். தானியத்துக்கு அவ்வளவாக இல்லை. எம்.ஆர்.பி.யில் எத்தனை சதவீதம் குறைத்தார்கள் என்பதைப் பார்க்காமல், தள்ளுபடி போகக் கிலோவுக்கோ லிட்டருக்கோ என்ன விலை விழுகிறது என்று பாருங்கள். தீபாவளி முடிந்ததும் விலை குறையும் முந்திரி, பாதாம் பரிசுப் பெட்டிகளுக்கும் இதே சோதனைதான், கூடவே பேக் செய்த மாதமும். பெட்டிக்குள் தட்டும் பட்டுத் துணியும்தான் பாதி என்றால் வைத்துவிட்டு வாருங்கள்.