வேகனே இல்லாத கூட்ஸ் வண்டி

பெங்களூரு பக்கம் நெலமங்களா கிட்ட ஜாம்ல அரை மணி நேரமா நகரல, பக்கத்துல நின்ன நாமக்கல் ட்ரெய்லர் ட்ரைவர் கீழ எறங்கி டயரைத் தட்டிப் பாத்துக்கிட்டே, "தம்பி, இங்கருந்து லாரிய ரயில்ல ஏத்துறாங்களாமே?"ன்னு கேட்டாரு. ஆமாண்ணே, 2020 ஆகஸ்ட்ல சோலாப்பூர் பக்கம் பாலே வரைக்கும் ஆரம்பிச்சாங்க, 682 கிலோமீட்டர். ஆனா அதுல வேகன் வெயிட்டு, அது மேல முழு லாரி வெயிட்டு, ரெண்டையும் சேத்துல்ல இழுக்கணும்.

அமெரிக்கால வேகனையே தூக்கிட்டாங்க, ட்ரெய்லரையே ரயில் பெட்டியா தண்டவாளத்துல ஓட விட்டாங்க. ரோட்ரெய்லர்னு பேரு, 1950கள்லயே ஒரு ரயில்வே கம்பெனி ட்ரை பண்ணது. முதல்ல ட்ரெய்லர்லயே ரயில் சக்கரத்தையும் மாட்டி வச்சாங்க, ரோட்ல போறப்ப அது சும்மா பாரம். அப்புறம்தான் போகிய, அதாவது ரயில் சக்கரம் மாட்டுன அடிச்சட்டத்த, தனியா கழட்டி யார்டுலயே விட்டுட்டாங்க.

இதுக்கு கிரேனே வேணாம், தண்டவாளம் பதிச்ச சமமான தரை போதும். ஏர் சஸ்பென்ஷன்ல காத்த ஏத்துனா ட்ரெய்லரோட பின்பக்கம் எழும்பும், ரிவர்ஸ் எடுத்து போகி மேல கொண்டுபோய் காத்த எறக்குனா பாடி போகில உக்காந்துரும், டயரெல்லாம் மேல ஏறி தொங்கும். ஒவ்வொரு ட்ரெய்லர் மூக்குலயும் ஒரு இரும்பு நாக்கு, முன்னாடி நிக்கிற ட்ரெய்லரோட வால்ல அதுக்கு ஒரு பொந்து, நாக்கு உள்ள போனதும் பின் விழுந்து பூட்டிக்கும். பின்னாடி வண்டியோட மூக்கு முன்னாடி வண்டி வால்லயே தொங்குறதால ரெண்டுக்கும் நடுவுல ஒரே போகிதான். அப்புறம் பிரேக் ஹோஸ் மாட்டணும், அவ்வளவுதான். இந்த நாக்கு சாதா எஞ்சின் கப்ளிங்ல சேராது, அதனால முதல் ட்ரெய்லருக்கு முன்னாடி மட்டும் ரெண்டுக்கும் பொருந்துற ஸ்பெஷல் போகி ஒண்ணு வைப்பாங்க.

யஸ்வந்த்பூர் யார்டுல கூட்ஸ் கெளம்புறப்ப டம் டம் டம்னு சத்தம் கடைசி வேகன் வரைக்கும் ஓடுமே, கேட்டிருப்பீங்க, கப்ளிங்ல இருக்குற லூஸுதான் அது. இதுல அந்த லூஸ் கிட்டத்தட்ட கிடையாது, சரக்கு குலுங்காது, எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயமே இதான். ஆனா சும்மா வரல. பின்னாடி இருக்குற மொத்த ரயிலோட இழுவையையும் ட்ரெய்லர் பாடிதான் தாங்கணும், அதுக்கு இரும்பு கூடப் போட்டா ரோட்ல ஏத்துற சரக்கு கொறையும். சாதா கூட்ஸுக்கு நடுவுலயும் கோக்க முடியாது, கனமான வேகன் பின்னாடி வந்தா பாடி தாங்காது, கடைசிலதான் மாட்டணும். டபுள் அடுக்கு கன்டெய்னர் ரயிலு வந்ததும் இது எடுபடல, இதை ஓட்டுறதுக்குன்னே 1986ல ஆரம்பிச்ச ட்ரிபிள் கிரவுன் கம்பெனி கூட 2024ல இந்த ரயில நிறுத்திருச்சு.

எல்லாத்தையும் கேட்டுட்டு அண்ணன், "அப்ப நான் எங்க உக்காருறது?"ன்னாரு. நீங்க வரவே வேணாம்ணே, ட்ரெய்லர் மட்டும்தான் போகும், அந்த ஊர்ல வேற ஒருத்தர் வந்து மாட்டிட்டுப் போவாருன்னேன். "அட போப்பா"ன்னு கேபின்ல ஏறிட்டாரு.