கோடும் பட்டையும்: காலநிலை வரைபடத்தை வாசிக்கும் முறை

ஓர் ஊரின் மாதாந்தர வெப்பநிலையைக் கோடாகவும் மழையைப் பட்டைகளாகவும் காட்டும் காலநிலை வரைபடங்களை மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் விளக்குவது என் பணியின் ஒரு பகுதி. வரைபடத்தைக் கையில் கொடுத்ததும் பெரும்பாலோரின் கண் நேரே உயரமான பட்டைக்குத்தான் போகிறது. முதலில் பார்க்க வேண்டியவையோ ஓரங்களில் உள்ள எண்கள். ஒரு பக்க அச்சு மாதச் சராசரி வெப்பநிலையைச் செல்சியஸிலும், மறுபக்க அச்சு மழையும் பனியும் சேர்ந்த மாதப் பொழிவை மில்லிமீட்டரிலும் காட்டுகின்றன. ஒன்றின் அச்சு 100 மி.மீ. வரையிலும் மற்றொன்றின் அச்சு 1,000 மி.மீ. வரையிலும் செல்லும் இரு வரைபடங்களில் பட்டைகள் ஒரே உயரத்தில் தெரிந்தாலும், மழையளவு பத்து மடங்கு வேறுபடும்.

ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்த்துக் காலநிலையை முடிவு செய்துவிட முடியாது. மும்பை, சிங்கப்பூர் இரண்டுமே ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை பெறுகின்றன. சிங்கப்பூரில் எல்லா மாதங்களிலும் பட்டைகள் நிமிர்ந்து நிற்க, மும்பையில் ஏறத்தாழ முழு மழையும் ஜூன் முதல் செப்டம்பர் வரை குவிந்து, டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை பட்டை கண்ணுக்கே தெரிவதில்லை. நான்கு மாத மழையைத் தேக்கி ஆண்டு முழுவதும் குடிக்க வேண்டிய நகரம் அது என்பதை அந்த வெற்றிடமே சொல்கிறது.

கோட்டையும் பட்டையையும் சேர்த்து வாசிப்பதே இதில் முக்கியமானது என்பேன். வெப்பம் கூடினால் ஆவியாதலும் கூடுவதால், ஒரே அளவு மழை எல்லா மாதத்திலும் ஒரே பயன் தருவதில்லை. ஜெர்மானியத் தாவரவியலாளர்கள் ஹைன்ரிக் வால்டரும் ஹெல்முட் லீத்தும் பரப்பிய வரைபட முறையில் 10 டிகிரிக்கு எதிரே 20 மி.மீ. வருமாறு அச்சுகள் அமைகின்றன. பொழிவு வெப்பக்கோட்டுக்குக் கீழே இறங்கும் மாதம் வறண்ட மாதம். இதன்படி 10 டிகிரி மாதத்தில் 30 மி.மீ. மழை போதுமானது; 25 டிகிரி மாதத்தில் அதே 30 மி.மீ. வறட்சி. ரோம் நகரில் வெப்பக்கோடு உச்சத்தை ஒட்டி நிற்கும் ஜூலையிலேயே மழை மிகக் குறைவு. மத்தியதரைக்கடல் காலநிலையின் அடையாளமே இதுதான். (கோடு ஆண்டின் நடுவில் பள்ளமாக இறங்கினால், அது சிட்னி போலத் தென்அரைக்கோளத்து ஊர்.)

சராசரி என்பது முன்னறிவிப்பு அன்று. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. பெய்தது, ஜூலை மாதம் முழுவதற்கும் உரிய சராசரியையே விஞ்சிய மழை அது. இத்தகைய நாளும், மழை பொய்த்த ஆண்டும் ஒரே பட்டைக்குள் கரைந்துவிடுகின்றன. ஆகவே வடிகாலின் கொள்ளளவை இந்த வரைபடத்தைக் கொண்டு தீர்மானிக்கக் கூடாது. அதற்கு அதிகபட்ச மழைப் பதிவுகளே வேண்டும்.

உலக வானிலை அமைப்பின் நெறிப்படி சராசரிகள் 30 ஆண்டுகளுக்குக் கணக்கிடப்படுகின்றன. இப்போதைய காலப்பகுதி 1991–2020. 1961–1990 தரவில் வரைந்த பழைய வரைபடத்தை அதனோடு ஒப்பிட்டால் வெப்பக்கோடு பல இடங்களில் மேலேறியிருப்பதைக் காணலாம். அடியில் ஆண்டுகள் குறிக்கப்படாத வரைபடத்தை வைத்துச் செய்யும் எந்த ஒப்பீட்டையும் நான் ஏற்பதில்லை.