முதல் கைத்துப்பாக்கி: கடைக்குப் போகும் முன்

ஐந்து தோட்டா கொள்ளும் சின்ன ரிவால்வர் ஒன்றைப் பெட்டியோடு மேசைமேல் வைத்துவிட்டு, "அக்கா, இதை வச்சுச் சுடக் கத்துக் கொடுங்க" என்றார் என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு தங்கை. வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. "பெண்களுக்கு இதுதான் சரி, சின்னது, லேசானது" என்று கடையில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் தடவை ட்ரிகரை இழுத்தபோது பாதியில் விரல் நின்றுவிட்டது. இன்னொரு விரலையும் சேர்த்து இழுத்தார். வெடித்ததும் கை நெற்றி வரை எகிறியது. இரண்டாவது தோட்டாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டார். ஐந்தும் முடிந்ததும் கீழே வைத்துவிட்டு, "இது எனக்கு வேண்டாம்க்கா" என்றார்.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டாலஸுக்கு வடக்கே புறநகர்ப் பகுதியில் கைத்துப்பாக்கிப் பயிற்சி கொடுப்பது என் வேலை. இப்போதெல்லாம் வகுப்பில் தமிழ்க் குடும்பங்கள் அதிகம். இரவில் தனியாக வேலைக்குப் போய் வருகிறவர், நகைக்கடையிலோ பெட்ரோல் பங்கிலோ உட்காருகிறவர், பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்தது என்று கேள்விப்பட்டுப் பயந்தவர் என்று பலரும் வருகிறார்கள். எல்லோருக்கும் முதல் கேள்வி "எது வாங்கலாம்?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னாலேயே கேட்க வேண்டிய சில கேள்விகளைக் கேட்காமல் வாங்கி, பிறகு தவிப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

முதலில் அந்த ரிவால்வர் விஷயம். லேசான துப்பாக்கி தூக்க எளிது, சுடக் கடினம். தோட்டா முன்னால் போகும் வேகத்துக்குத் துப்பாக்கி பின்னால் உதைக்கும். அந்த உதையைத் தாங்குவது துப்பாக்கியின் எடை. எடை இல்லாவிட்டால் உங்கள் மணிக்கட்டுதான் தாங்கவேண்டும். அந்த வகைச் சின்ன ரிவால்வர் சுமார் 420 கிராம். போலீஸ்காரர்கள் பரவலாக வைத்திருக்கும் கிளாக் 19 பிஸ்டல் (உருளை இல்லாமல், பிடிக்குள் தோட்டா அடுக்கும் வகை) காலியாகவே சுமார் 670 கிராம். ரிவால்வரின் ட்ரிகரை இழுக்க ஐந்து கிலோவுக்கு மேல் அழுத்தம் வேண்டும், ஏனென்றால் அந்த ஒரே இழுப்பில்தான் உருளை சுழன்று, சுத்தியலும் பின்னால் போய்த் திரும்புகிறது. கிளாக்குக்கு அதில் ஏறத்தாழப் பாதி போதும். ரிவால்வரின் குழல் குட்டையாக இருப்பதால் அதில் குறி பார்ப்பதும் கடினம். சின்ன ரிவால்வர் நன்றாகப் பழகியவர்களுக்கான கருவி என்பது என் முடிவான கருத்து. அதைப் புதியவர் கையில், அதிலும் பெண் என்பதற்காகவே, கொடுப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அப்படியானால் எது? நடுத்தர அளவுள்ள 9 எம்எம் பிஸ்டல் என்று பலருக்கும் சொல்வேன். அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ நடுவில் இன்னும் பெரிய .40 தோட்டாவுக்குப் போய், பிறகு மறுபடியும் 9 எம்எம்முக்கே திரும்பியது. உதை குறைவு, குறி தவறுவது குறைவு, பிடிக்குள் செருகும் தோட்டாக் கூடான மேகசினில் கூடுதலாகப் போடலாம், தோட்டா எங்கும் கிடைக்கும். கையில் வலு குறைந்தவர்கள், மூட்டுவலி உள்ளவர்கள் கொஞ்சம் வேகம் குறைந்த .380 தோட்டா போடும் பிஸ்டலைப் பார்க்கலாம். ஸ்மித் அண்ட் வெஸனின் ஷீல்டு ஈஸி மாதிரி ஸ்லைடை, அதாவது குழல்மேல் முன்பின் நகரும் மேல்பாகத்தை, இழுக்க எளிதாக இருக்கும்படியே செய்த பிஸ்டல்களும் உண்டு. ஆனால் மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு போய் நேரே வாங்கிவிடாதீர்கள். சுட்டுப் பழகும் இடங்களான ரேஞ்ச்களில் துப்பாக்கியை வாடகைக்குத் தருபவை இருக்கின்றன. நாலைந்து எடுத்து, ஒவ்வொன்றிலும் ஐம்பது தோட்டா சுட்டுப் பாருங்கள். முதல் பத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். நாற்பதாவதில் விரல் இடுக்கில் வலிக்கிறதா, பிடி நழுவுகிறதா என்று பார்த்தால் உண்மை தெரியும்.

கையில் பிடிக்கும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள வளைவு, பிடியின் பின்பக்கம் எவ்வளவு மேலே போக முடியுமோ அவ்வளவு மேலே உட்காரவேண்டும். பிடியைத் திருப்பாமல் ஆள்காட்டி விரலின் நுனிச்சதை ட்ரிகரில் படவேண்டும். அதற்காகப் பிடியைச் சுற்றித் திருக வேண்டியிருந்தால், அந்தத் துப்பாக்கி உங்கள் கைக்குப் பெரியது. அப்புறம், உங்கள் எந்தக் கண் ஓங்கிய கண், அதாவது குறி பார்ப்பதில் முந்திக்கொள்ளும் கண், என்று பாருங்கள். வலது கைக்காரர்கள் பலருக்கு இடது கண் ஓங்கியிருக்கும். இது தெரியாமல், குறி தவறுவதற்குத் துப்பாக்கியைக் குறை சொல்லி மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்லைடை இழுக்க முடியவில்லை என்று வருகிற பெண்களில் பெரும்பாலோருக்குப் பிரச்சினை பலம் அல்ல, முறை. இரண்டு விரல் நுனியால் கிள்ளி இழுப்பார்கள். வராது. துப்பாக்கியை மார்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, குழல் முன்னால் இலக்கையே பார்த்திருக்க, மற்றக் கையின் உள்ளங்கை முழுவதையும் ஸ்லைடின் பின்பகுதிமேல் கவிழ்த்துப் பற்றுங்கள். அந்தக் கை பின்னால் இழுக்கும்போதே பிடித்திருக்கும் கை முன்னால் தள்ளவேண்டும். கடைசிவரை போனதும் சட்டென்று விட்டுவிடுங்கள், கூடவே முன்னால் கொண்டுபோகாதீர்கள். ஒன்றைமட்டும் மறக்கவேண்டாம்: இழுக்கச் சிரமப்படும்போது உடம்பு தானாகத் திரும்பும், குழலும் பக்கத்தில் நிற்பவரை நோக்கித் திரும்பும். வகுப்பில் நான் அதிகம் சத்தம் போடுவது அந்த நொடியில்தான்.

இதற்கு இவ்வளவு நேரம் செலவிடக் காரணம் இருக்கிறது. ஸ்லைடை இழுக்க முடியாதவரால் துப்பாக்கியைக் காலி செய்ய முடியாது. நான் வைக்கும் முக்கியமான சோதனையே அதுதான். வாங்கப் போகும் துப்பாக்கியை யார் உதவியும் இல்லாமல், பதற்றத்திலும் நீங்களே காலி செய்ய முடியவேண்டும்.

மேகசினை உருவிவிட்டால் காலி என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பரில் ஒரு தோட்டா அப்படியே இருக்கும், பல பிஸ்டல்கள் மேகசின் இல்லாமலும் அதைச் சுடும். வரிசையும் முக்கியம். மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்தால், இருந்த தோட்டா வெளியே விழும், இழுத்துவிட்ட வேகத்தில் அடுத்தது ஏறிக்கொள்ளும். தரையில் விழுந்த தோட்டாவைப் பார்த்துவிட்டு, அப்புறம் மேகசினை எடுத்துவிட்டுக் காலி என்று நினைப்பீர்கள். அதனால் எப்போதும் மேகசின் முதலில். பிறகு ஸ்லைடை இரண்டு மூன்று தடவை முழுக்க இழுத்து, திறந்த நிலையில் பூட்டி, சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். கிளாக் வகையைத் துடைக்கப் பிரிக்கும் முன் ட்ரிகரை ஒரு தடவை அழுத்தவேண்டும். "துடைக்கும்போது வெடித்துவிட்டது" என்று கேள்விப்படுவதன் பின்னணி பெரும்பாலும் இந்த வரிசைப் பிழைதான்.

அந்தத் தங்கை அடுத்த சனிக்கிழமை கணவரையும் அழைத்து வந்தார். நல்ல பையன். "நானும் ரெண்டு சுட்டுப் பாக்கட்டுமா அக்கா?" என்று கேட்டார். "என்ன விசா தம்பி?" என்றேன். எச்1பி. முடியாது என்று சொன்னேன். இது நம்மவர்கள் பலருக்குத் தெரியவில்லை. மத்திய சட்டப்படி, எச்1பி, எச்4, எஃப்1, பி2 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. ரேஞ்சில் ஐந்து நிமிடம் கையில் பிடிப்பதும் அதில் சேரும். வேட்டை உரிமம் முதலான சில விலக்குகள் இருக்கின்றன, வழக்கறிஞரிடம் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம். அந்தத் தங்கைக்குத் தடை இல்லை, கணவருக்குத்தான். விதி மீறினால் தண்டனையோடு நிற்காது, நாடு கடத்தவும் காரணமாகும். அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார், ஒரு போட்டோவுக்காகக் கையில் கொடுப்போமே என்கிற ஆசை புரிகிறது. தயவுசெய்து வேண்டாம்.

அதேபோல, "பணம் நான் தர்றேன், உன் பேர்ல வாங்கிடு" என்பதும் குற்றம். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று கேட்பார்கள். வாங்கத் தடையுள்ள ஒருவருக்காகத் தன் பெயரில் வாங்குவதற்கு 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 15 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். கஞ்சா உபயோகம் பற்றியும் அதே படிவத்தில் கேள்வி உண்டு. உங்கள் மாநிலத்தில் அது சட்டப்படி சரி என்றாலும் மத்திய சட்டத்தில் சரியில்லை என்று அங்கேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். டெக்சஸில் வாங்குவதற்கு மாநில அனுமதிச் சீட்டு தேவையில்லை. நியூஜெர்சியில் கைத்துப்பாக்கி வாங்கத் தனி அனுமதி பெறவேண்டும். கலிபோர்னியாவில் பாதுகாப்புத் தேர்வும் பத்து நாள் காத்திருப்பும் உண்டு. டெக்சஸின் பிளேனோவில் இருக்கும் நண்பர் சொன்னதைக் கேட்டு நியூஜெர்சியின் எடிசனில் எதுவும் செய்யவேண்டாம்.

சரி, இனி வீடு. அந்தத் தம்பதிக்கு நாலு வயதில் ஒரு பையன். துப்பாக்கியை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்றேன். "அலமாரி மேல்தட்டுல, புடவைக்கு அடியில" என்றார். நாலு வயதுப் பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டு முறுக்கு டப்பாவை எடுக்கும் வீட்டில் மேல்தட்டு ஒரு பாதுகாப்பே கிடையாது. ஒளித்து வைப்பது வேறு, பூட்டி வைப்பது வேறு. டெக்சஸில் 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளை எடுக்கும்படி துப்பாக்கியை அஜாக்கிரதையாக விட்டால் பெற்றோர்மேல் வழக்கு வரும். கடைக்காரர் கைத்துப்பாக்கியோடு ஒரு பூட்டும் கொடுக்கவேண்டும் என்று 2005இல் இயற்றிய மத்திய சட்டம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் அது திறந்த ஸ்லைடு வழியாக நுழைத்துப் பூட்டும் கம்பிவடம். அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். அவசரத்துக்கு எடுக்கவேண்டும் என்றால், பொத்தான் அழுத்தித் திறக்கும் சின்ன இரும்புப் பெட்டி வாங்கிச் சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு முடுக்குங்கள். கைரேகைப் பெட்டி ஈரக் கைக்குச் சில நேரம் திறக்காது, பேட்டரியும் போகும். அதனால் நான் பேட்டரி இல்லாத வகையையே சொல்வேன். காரில் விட்டுவிட்டு இரவில் தூங்கப் போகாதீர்கள்.

இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லும்போது வகுப்பே அமைதியாகிவிடும். 2021இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். திருடனை நினைத்து வாங்குகிறோம், ஆபத்து வீட்டுக்குள் வேறு உருவத்தில் வரலாம். வேலை போய், அடுத்த வேலை தேட விசாவில் கிடைக்கும் அறுபது நாள் கெடு ஓடுகிற வீடுகள் நமக்குத் தெரியும். பிரசவத்துக்குப் பின் மனம் சோர்ந்த பெண்களையும், பேச்சுக் குறைந்துபோன பதின்வயதுப் பிள்ளைகளையும் தெரியும். அந்த எண்ணம் மூர்க்கமாக வரும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் துப்பாக்கி எட்டாமல் இருந்தால் உயிர் தப்பும். தனியாக வரும் புதியவருக்குப் பல ரேஞ்ச்கள் வாடகைக்குத் துப்பாக்கி தராததும் இதனால்தான். முன்பு என்னிடம் படித்த ஒருவர் ஒருநாள் போன் செய்து, "அக்கா, கொஞ்ச நாளைக்கு இதை வீட்டுல வைக்க வேணாம்னு தோணுது" என்றார். காரணம் கேட்கவில்லை. எங்கே பாதுகாப்பாக ஒப்படைக்கலாம் என்று பார்த்துச் சொல்லி, தற்கொலை எண்ணம் வரும்போது கூப்பிடும் உதவி எண்ணான 988ஐயும் கொடுத்தேன். அப்படி ஒரு போன் செய்ய யாரும் கூச்சப்படவேண்டாம். உங்கள் வீட்டில் இப்போது யாருக்காவது மனது சரியில்லை என்றால், வாங்குவதையே தள்ளிப் போடுங்கள்.

ரேஞ்சுக்கு வருவதைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு வெடிச்சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். காதுக்குள் அடைப்பான், அதற்கு மேல் காதுமூடி என்று இரண்டும் போடுங்கள். கழுத்து இறங்கிய ரவிக்கை, டிஷர்ட் வேண்டாம், சுட்ட தோட்டாவின் சூடான வெற்றுக் கூடு தெறித்து உள்ளே விழுந்தால் துள்ளுவீர்கள், கையில் துப்பாக்கி இருக்கும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள், ஈயத் துகள் படிந்திருக்கும். அந்த உடையோடு குழந்தையைத் தூக்கவும் வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்கள் அந்த மாதங்களில் ரேஞ்சுக்கு வரவே வேண்டாம்.

அந்தத் தங்கை மூன்று வாரம் வாடகைத் துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்துவிட்டு, ரிவால்வரைக் கடையில் நஷ்டத்துக்கே திருப்பிக் கொடுத்து, ஸ்லைடு எளிதாக வரும் 9 எம்எம் ஒன்றை எடுத்தார். அதற்கு முன்பே இரும்புப் பெட்டி அலமாரிக்குள் முடுக்கியாகிவிட்டது. எண் அவருக்கு மட்டும்தான் தெரியும். பிள்ளைக்காக மட்டுமல்ல, கணவர் திறக்க வழி இருந்தால் அவரும் வைத்திருப்பதாகக் கருத இடம் உண்டு என்று அவர்களின் வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். ஜூனில் மாமனார், மாமியார் ஊரிலிருந்து வருகிறார்களாம். அதற்குள் இன்னும் இரண்டு வகுப்பு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ரேஞ்சில் கூட்டம் இருக்காது, அப்போதே வாருங்கள் என்றேன்.