வெளுத்த பயிருக்கு டிஏபி மருந்தல்ல

பெரம்பலூர் பக்கத்து மக்காச்சோளக் காடுகளில் இந்தப் பருவமும் அதே கதைதான். இளம் இலையில் நடு நரம்புக்கு இருபுறமும் வெள்ளைப் பட்டை. "வெளுத்துப் போச்சு சார், இன்னொரு மூட்டை டிஏபி போட்டுட்டேன்" என்கிறார் விவசாயி. டிஏபி முக்கியமாக மணிச்சத்து (பாஸ்பரஸ்) தரும் உரம். அவருடைய மண் பரிசோதனை முடிவைச் சொல்லும் மண்வள அட்டையை வாங்கிப் பார்த்தால் மணிச்சத்து 'அதிகம்' என்றே இருக்கிறது. பயிருக்குக் குறை துத்தநாகம் (ஜிங்க்). மணிச்சத்து மிஞ்சினால் துத்தநாகம் பயிருக்குக் கிடைப்பது இன்னும் குறையும். காசு கொடுத்து நோயை வளர்க்கிறோம்.

"போன வருஷம் போட்டதும் பச்சை கட்டுச்சே?" என்று கேட்பார்கள். கட்டியிருக்கும். 50 கிலோ டிஏபியில் 23 கிலோ மணிச்சத்தோடு 9 கிலோ தழைச்சத்தும் (நைட்ரஜன்) இருக்கிறது. நீங்கள் பார்த்த பச்சை அந்த 9 கிலோ செய்த வேலை. அதே தழைச்சத்து 20 கிலோ யூரியாவில் கிடைத்துவிடும். மணிச்சத்து குறைந்த மக்காச்சோளம் வெளுக்காது. கரும்பச்சையாக, அடியிலை ஓரத்தில் ஊதா ஏறி, வளராமல் நிற்கும். வெளுப்பைப் பார்த்து மணிச்சத்து போடாதீர்கள். எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் இது மட்டும் மனதில் ஏறமாட்டேன் என்கிறது.

மேலுரமாக டிஏபி விசிறுவது அடுத்த வீண். மணிச்சத்து விழுந்த இடத்தைவிட்டு அதிகம் நகராது. விதைக்கும்போதே அடியுரமாக, விதைக்குச் சற்றுக் கீழே, பக்கவாட்டில் விழ வேண்டும்.

பிரேசில் சோயா காட்டு வீடியோவைக் காட்டி, "அங்கே அள்ளிக் கொட்டுறாங்களே" என்கிறார்கள் இளைஞர்கள். அது செராடோ என்ற சவானா நிலம். அமில மண், இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இயற்கையிலேயே மணிச்சத்து மிகக் குறைவு. சுண்ணாம்பு இட்டு, மணிச்சத்தும் நிறையக் கொடுத்துத்தான் 1970-களிலிருந்து அதை விளைநிலமாக்கினார்கள். நம் கரிசலில் கார அமில நிலை (pH) பெரும்பாலும் 8-ஐத் தாண்டும். இங்கே பிடித்து வைப்பது சுண்ணாம்பு. அவர்கள் வைத்தியம் நமக்கு ஆகாது.

சரி, என்ன செய்யலாம்? மண்ணில் பயிருக்குக் கிடைக்கும் மணிச்சத்தை அளக்கும் ஓல்சன் முறைச் சோதனையில் ஹெக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் என்று வந்தால் மணிச்சத்தைக் குறையுங்கள், பயப்படாதீர்கள். 11-க்குக் கீழே இருந்தால் தயங்காமல் பரிந்துரைத்த அளவு போடுங்கள். மானாவாரி என்றால் சூப்பர் பாஸ்பேட்டைத் தொழுவுரத்தோடு கலந்து, ஈரம் காயாமல் ஒரு மாதம் மூடி வைத்து இடுங்கள். ஜிங்க் சல்பேட் ஏக்கருக்கு 10 கிலோ போதும், ஆனால் தயவுசெய்து டிஏபியோடு கலக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் கரையாமல் போய்விடும். மணலோடு கலந்து தனியாகத் தூவுங்கள்.

மண் எடுக்கும்போது வரப்போரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம் வேண்டாம். ஆடிக்கு முன்பே, காடு காலியாகக் கிடக்கும்போது எடுத்துக் கொடுங்கள். விதைப்பு நெருக்கத்தில் கொண்டுவந்தால் முடிவு வருவதற்குள் உரக்கடைக்காரர் சொன்னதைப் போட்டு முடித்திருப்பீர்கள்.